ஓரம் பிரிஞ்ச மவுஸ் பேடை வீட்லயே சரி பண்றது எப்படி – முழுமையான வழிகாட்டி

மவுஸ் பேடு பழசாயிடுச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குறவங்கதான் அதிகம். ஆனா நான் பார்த்த வரைக்கும் குப்பைக்குப் போற பேடுல நடுப்பகுதி நல்லாத்தான் இருக்கும், ஓரம்தான் நூல் நூலா பிரிஞ்சிருக்கும், மூலை மேல தூக்கிட்டு நிக்கும், அடியில ரப்பர் தூசி புடிச்சு மேஜையில வழுக்கும், அவ்ளோதான். நான் மதுரையில வீட்ல உக்காந்து அழைப்பிதழ், நோட்டீஸ் டிசைன் பண்ற ஆளு, ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் மவுஸ் கையில இருக்கும். இப்ப நான் யூஸ் பண்ற பேடு ஆறு வருஷப் பழசு, ரெண்டு தடவை ஓரம் கட்டியிருக்கேன், இன்னும் கர்சர் ஒரு துளி கூட தாவல. அதனால செஞ்சு பார்த்ததை மட்டும் சொல்றேன்.

இங்க சொல்றது எல்லாம் மேல துணி, கீழ ரப்பர் இருக்கிற சாதா பேடுக்கு. பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருக்கிற பேடுக்கு ஈரத்துணி வச்சு துடைக்கிறதைத் தவிர பெருசா வேலை இல்ல. லைட் எரியுற பேடா இருந்தா தண்ணியில முக்கவே முக்காதீங்க, ஒயர் வர்ற பக்கம் ஈரம் படாம துடைச்சு எடுங்க போதும்.

மொதல்ல எது தேஞ்சிருக்குன்னு பாருங்க

க்ளூ வாங்கப் போறதுக்கு முன்னாடி இதை கண்டிப்பா பண்ணுங்க, ஏன்னா நிறைய பேரு பேடு போச்சுன்னு நினைக்கிறது உண்மையில மவுஸோட பிரச்சனை. மவுஸைத் திருப்பிப் பாருங்க, அந்த சின்ன ஓட்டைக்குள்ள சென்சார் லென்ஸ் பக்கத்துல ஒரு முடியோ பஞ்சோ மாட்டியிருந்தா கர்சர் துடிக்கும். ஆப்டிகல் மவுஸ்ங்கிறது அடியில ஒரு குட்டி கேமரா மாதிரி, செகண்டுக்கு ஆயிரக்கணக்குல படம் எடுத்து முந்தின படத்தோட ஒப்பிட்டுப் பார்த்துதான் எந்தப் பக்கம் எவ்ளோ தூரம் நகர்ந்தோம்னு கண்டுபிடிக்குது, நடுவுல ஒரு முடி வந்து நின்னா அது எப்படி சரியா பார்க்கும். அப்புறம் மவுஸ் அடியில வழுக்கிட்டுப் போறதுக்குன்னு ஒட்டியிருக்கிற சின்ன வெள்ளை இல்லைன்னா கருப்பு பட்டைங்க, அதைச் சுத்தி கருப்பா அழுக்கு ஒரு வரப்பு மாதிரி கட்டியிருக்கும், நகத்தாலேயே சுரண்டி எடுத்துடலாம். பட்டை தேஞ்சு மவுஸோட உடம்பே பேடுல உரசுதுன்னா பட்டையை மாத்துங்க, பேடு எத்தனை வாங்கினாலும் அது சரியாகாது.

இதெல்லாம் சரியா இருக்குன்னா கம்ப்யூட்டர்ல பெயின்ட் மாதிரி படம் வரையுற ஆப் ஏதாவது ஒண்ணைத் திறந்து, மவுஸை ரொம்ப மெதுவா குறுக்கா இழுத்து ஒரு கோடு போடுங்க. பேடோட நடுவுல ஒரு கோடு, நீங்க அதிகம் யூஸ் பண்ணாத மூலையில ஒரு கோடு. ரெண்டும் ஒரே மாதிரி வந்தா மேல்துணி நல்லாருக்கு, நடுவுல மட்டும் கோடு நடுங்குச்சுன்னா அந்த இடத்துல அழுக்கோ தேய்மானமோ இருக்கு. அது ரெண்டுல எதுன்னு கழுவினப்புறம்தான் தெரியும், கழுவாம முடிவு பண்ணாதீங்க.

கழுவுறது

நம்ம ஊரு வெயிலுக்கு கை வேர்த்துக்கிட்டே இருக்கும், அந்த உப்பும் எண்ணெயும் துணியில இறங்கி இழை எல்லாம் படுத்து ஒட்டிக்கும், அதுதான் அந்த வழுவழு பளபளன்னு தெரியுற திட்டு. இதுல பெரும்பகுதி தேய்மானமே இல்ல, அழுக்குதான்.

ஒரு பெரிய தாம்பாளமோ பக்கெட்டோ எடுத்து பேடு மூழ்குற அளவு சாதாரண தண்ணி, இல்லைன்னா கை பொறுக்குற அளவு லேசான வெதுவெது தண்ணி. பாத்திரம் விளக்குற லிக்விட் ஒரு ஸ்பூன், இல்லைன்னா ஒரு பாக்கெட் ஷாம்பு. பத்து நிமிஷம் ஊற விட்டு, பழைய டூத் பிரஷ் வச்சு சின்ன சின்ன வட்டமா தேயுங்க. அழுத்தம் வேண்டாம், நுரையே வேலையைப் பார்த்துக்கும். மொத தடவை கழுவுறப்ப தண்ணி டீ டிக்காஷன் கலர்ல வரும் பாருங்க, அப்பதான் இத்தனை நாள் எது மேல கையை வச்சிருந்தோம்னு புரியும். வழவழப்பு போற வரைக்கும் நல்ல தண்ணியில அலசுங்க, சோப்பு மிச்சம் இருந்தா காய்ஞ்சதும் துணி விறைச்சுக்கும்.

கொதிக்கிற தண்ணி வேண்டாம், துணிக்கும் ரப்பருக்கும் நடுவுல இருக்கிற ஒட்டு விட்டுடும். வாஷிங் மெஷின் வேண்டாம், சுத்துற வேகத்துல மூலையில மடங்கி கிழியும். பிளீச்சிங், தின்னர், பெட்ரோல் எதுவும் பக்கத்துலயே கொண்டு வராதீங்க, பெட்ரோல் ரப்பரை ஊத வச்சு கெடுத்துடும். சானிடைசர் வச்சு துடைச்சா பிரிண்ட் சாயம் போக வாய்ப்பிருக்கு.

பிழியக் கூடாது, இது ரொம்ப முக்கியம். ஒரு பெரிய துண்டை விரிச்சு பேடை அது மேல வச்சு, துண்டோட சேர்த்து பாய் மாதிரி சுருட்டி மேல கையால அமுக்குங்க, தண்ணி துண்டுக்குப் போயிடும். அப்புறம் கொடியில கிளிப் போட்டுத் தொங்க விடாதீங்க, ஈர ரப்பரோட வெயிட்டுக்கே துணி இழுத்துக்கும். நான் என்ன பண்ணுவேன்னா வீட்ல இருக்கிற ஒயர் கூடையைக் கவுத்துப் போட்டு அது மேல படுக்க வச்சு ஃபேனைப் போட்டுடுவேன், மேலயும் கீழயும் காத்து படும். வெயில்ல காய வைக்கக் கூடாது, வெயில் பட்டா ரப்பர் இறுகி நாளடைவில வெடிப்பு விடும். ஒரு முழு நாள் ஆகும், ஐப்பசி கார்த்திகை அடை மழையில ரெண்டு நாள் கூட ஆகும். மேல தொட்டா காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள ஈரம் இருக்கும், நாலா மடிக்காம லேசா வளைச்சு மூக்குகிட்ட கொண்டு போனா ஈர வாடை தெரியும். ஈரத்தோட க்ளூ போட்டா ஒட்டவே ஒட்டாது.

காய்ஞ்சதும் திரும்ப அந்த குறுக்கு கோடு டெஸ்ட் பண்ணுங்க. சரியாயிடுச்சுன்னா நடுப்பகுதி வேலை முடிஞ்சுது. இன்னும் நடுங்குச்சுன்னா பேடை அப்படியே 180 டிகிரி திருப்பிப் போட்டுப் பாருங்க. நாம எல்லாருமே எப்பவும் ஒரே இடத்துலதான் மவுஸை ஆட்டுறோம், பெரிய பேடா இருந்தா இடது பக்கம் தொடாத துணி அப்படியே புதுசா இருக்கும். படம் தலைகீழா தெரியும், அதைப் பார்த்தா முடியுமா.

வழுக்குற அடிப்பக்கம்

இதுக்கு ரொம்ப நேரம் வேண்டாம். அடி ரப்பரையும் அதே சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவினாலே பிடிமானம் பாதிக்கு மேல திரும்ப வந்துடும், மேஜையையும் ஈரத்துணியால துடைச்சுடுங்க. ரப்பர் இறுகி பளபளன்னு ஆயிட்டா கிச்சன் ஷெல்ஃப்ல விரிக்கிற வலை மாதிரி ஆன்டி ஸ்லிப் மேட் கிடைக்கும்ல, அதுல பேடை விட ஒரு விரல் அகலம் சின்னதா வெட்டி அடியில போட்டுடுங்க, ஒட்டக் கூட வேண்டாம். டபுள் சைடு டேப் போட்டா மேஜையில பசை தங்கும், எடுக்கிறப்ப ரப்பரும் சேர்ந்து பிஞ்சு வரும், அதனால எனக்கு அது பிடிக்காது.

தூக்கி நிக்கிற மூலை, சுருட்டு விழுந்த பேடுன்னா எதிர் பக்கமா தளர்வா சுருட்டி ஒரு மணி நேரம் வச்சுட்டு, அப்புறம் கனமான புக்குங்க அடியில ராத்திரி முழுக்க வைங்க. அதுக்கும் மசியலைன்னா ஹேர் டிரையரை ஒரு ஜாண் தள்ளிப் பிடிச்சு கை பொறுக்குற சூட்ல காட்டிட்டு உடனே புக்குக்கு அடியில வைங்க. அயர்ன் பாக்ஸை நேரா வைக்காதீங்க.

துணி ரப்பரை விட்டு எழும்பியிருந்தா

ஓரத்துல ஒரு வாய் மாதிரி திறந்திருக்கும், உள்ள விரல் போகும். இங்க எல்லாரும் பண்ற தப்பு சொட்டு சொட்டா விடுற இன்ஸ்டன்ட் க்ளூவை எடுக்கிறது. நானும் மொத தடவை அதைத்தான் போட்டேன், ஒரு நிமிஷத்துல ஒட்டுச்சு, ஆனா காய்ஞ்சதும் கண்ணாடித் துண்டு மாதிரி இறுகி, பேடு வளையுறப்ப எல்லாம் அந்த இடம் மட்டும் நொறுங்கி, மணிக்கட்டுல ஒரு கோடு மாதிரி கீறிடுச்சு. ரப்பருக்கு வளையுற பசைதான் வேணும்.

சின்ன இடம்னா சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன் ட்யூப் போதும், அது ரப்பரைக் கரைச்சு செய்றதுதான், காய்ஞ்சாலும் வளையும். ஒரு ஜாணுக்கு மேல பிரிஞ்சிருந்தா செருப்பு தைக்கிறவங்க யூஸ் பண்ற மாதிரி ரப்பர் பசை, ஃபெவிபாண்ட் மாதிரி ஒண்ணு, வாங்கிக்கங்க. அது மஞ்சளா இருக்கும், வெளிர் கலர் துணியில பட்டா கறை போகாது, பார்த்துக்கங்க.

இந்த மாதிரி பசையெல்லாம் போடுற முறையே வேற. ரெண்டு பக்கமும் தடவணும், தடவினவுடனே ஒட்டக் கூடாது. துணியைத் தூக்கிப் பிடிக்க நடுவுல ஒரு பென்சிலைச் செருகிட்டு, ஈர்க்குச்சி நுனியில பசையைத் தொட்டு ரப்பர் மேல மெலிசா தேயுங்க, துணியோட உள்பக்கம் அதை விட மெலிசா. ஈர்க்குச்சியைத்தான் நான் சொல்லுவேன், பிரஷ்ல எடுத்தா நிறைய வந்துடும். நிறைய போனா ரெண்டு கெடுதல், ஒண்ணு பசையில இருக்கிற சால்வென்ட், அதாவது பசையை இளக்கி வச்சிருக்கிற திரவம், ரப்பரை ஊத வச்சு அந்த இடம் புடைச்சுக்கும், இன்னொண்ணு துணி இழை வழியா மேல கசிஞ்சு மவுஸ் ஓடுற இடத்துல ஒரு கெட்டித் திட்டு விழும். அந்தத் திட்டை அப்புறம் எடுக்கவே முடியாது. ஓரத்துல இருந்து 2 செ.மீ.க்கு மேல உள்ள போகாதீங்க, நடுவுல குமிழ் மாதிரி எழும்பியிருந்தா அதை விட்டுடுங்க, நடுப்பகுதிக்கு பசை போகவே கூடாது.

பத்துப் பதினஞ்சு நிமிஷம் காத்திருங்க. விரல் முட்டியால தொட்டா பிசுபிசுன்னு இருக்கணும் ஆனா விரல்ல ஒட்டி வரக் கூடாது, அதுதான் பதம். அப்ப பென்சிலை எடுத்துட்டு, உள்ளே இருந்து ஓரத்தைப் பார்த்து துணியைக் கொஞ்சம் கொஞ்சமா படிய வச்சுக்கிட்டே வாங்க. தொட்டதும் பிடிச்சுக்கும், தள்ளி வைக்க ரெண்டாவது சான்ஸ் கிடையாது. அப்புறம் மேல ஒரு பேப்பரைப் போட்டு சப்பாத்திக் கட்டையால அழுத்தி உருட்டுங்க, புக்கு வச்சு ராத்திரி விட்டுடுங்க.

ஜன்னலைத் திறந்து வச்சு பண்ணுங்க. அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியுற ரூம்ல இதைத் திறக்காதீங்க, இந்தப் பசையோட ஆவி தீப்பிடிக்கும். குழந்தைங்க பக்கத்துல வேண்டாம்.

ஓரம் கட்டுறது, இதுதான் மெயின் வேலை

பிரிஞ்ச நூலை மட்டும் கத்தரிச்சுட்டா போதும்னு தோணும். ரெண்டு வாரத்துல திரும்பப் பிரியும், ஏன்னா வெட்டின துணி விளிம்புல இழையைப் பிடிச்சு வைக்க ஒண்ணும் இல்ல, கையும் சட்டைக் கையும் உரச உரச ஒண்ணொண்ணா வெளிய வந்துக்கிட்டே இருக்கும். லைட்டர்ல காட்டி உருக்குறாங்க சிலர், அது பாலியெஸ்டர், உருகி சின்ன சின்ன மணியா கெட்டியாகும், கையைக் குத்தும், ரப்பரும் கருகி நாறும். வேண்டாம்.

மொதல்ல நைஞ்சு போன ஓரத்தை வெட்டி எடுக்கணும். ஸ்டீல் ஸ்கேலை ஓரத்துல இருந்து 3 மி.மீ. உள்ள தள்ளி வச்சு, புது பிளேடு போட்ட பேப்பர் கட்டரால ஒரே வெட்டா வெட்டாம லேசா நாலு தடவை ஓட்டுங்க. ஒரே அழுத்தா அழுத்தினா ரப்பர் நசுங்கி விளிம்பு சாய்வா வரும், துணி ஒரு பக்கம் ரப்பர் ஒரு பக்கம் நிக்கும். நாலு மூலையையும் ஒரு பாட்டில் மூடியை வச்சு வளைவா வெட்டிடுங்க. கூர் மூலையிலதான் எப்பவும் முதல்ல பிரியும், வளைவுல சட்டைக் கை மாட்டாம வழுக்கிட்டுப் போயிடும்.

அடுத்து விளிம்புக்கு மெலிசா ஒரு பசைக் கோடு. மேல்துணியில ஓரத்தை ஒட்டினாப்ல பெயின்ட் அடிக்கிறவங்க போடுற பேப்பர் டேப்பை ஒட்டிக்கங்க, இல்லைன்னா பசை மேல ஏறும். ஈர்க்குச்சியில பஞ்சர் சொல்யூஷன் தொட்டு வெட்டு முகத்துல மட்டும், அதாவது துணியும் ரப்பரும் சேர்ற அந்தக் கோட்டுல, இழுத்துக்கிட்டே போங்க. காய்ஞ்சதும் டேப்பைப் பிரிச்சுடுங்க. கம்மியா யூஸ் பண்ற வீட்டு பேடுக்கு இதுவே ரொம்ப நாள் தாங்கும். என்னை மாதிரி நாள் பூரா வேலைன்னா தையல் போடுங்க.

கைத்தையல்னா டெய்லருங்க பட்டன் ஓட்டைக்குப் போடுற காஜா மாதிரிதான். கெட்டியான ஊசி, பாலியெஸ்டர் நூல், நடு விரல்ல அங்குஸ்தான், அதாவது ஊசி குத்தாம இருக்க மாட்டுற சின்ன மூடி. காட்டன் நூல் வேர்வையில மக்கிப் போகும். 25 க்கு 21 செ.மீ. இருக்கிற சின்ன பேடுக்குச் சுத்தளவு 92 செ.மீ. வரும், 4 மி.மீ.க்கு ஒரு தையல்னா 230 தையல், நூல் சுத்தளவைப் போல நாலு மடங்கு பிடிக்கும், முடிச்சு வேஸ்ட் எல்லாம் சேர்த்து அஞ்சு மீட்டர் வச்சுக்கங்க. ஆனா அஞ்சு மீட்டரையும் ஒண்ணா கோர்க்காதீங்க சிக்கிடும், ஒரு கை நீளமா வெட்டி வெட்டி கோர்க்கணும்.

மேல்துணியில ஓரத்துல இருந்து 4 மி.மீ. உள்ள டெய்லர் சாக்கால ஒரு கோடு போட்டுக்கங்க, எல்லா குத்தும் அந்தக் கோட்டுல இறங்கணும். நூல் முடிச்சை அடிப்பக்கம் மறைச்சுட்டு, மேல இருந்து ஊசியை நேரா குத்தி அடியில எடுங்க, முழுசா இழுக்கறதுக்கு முன்னாடி விளிம்புல ஒரு வளையம் நிக்கும்ல, அதுக்குள்ள கீழ இருந்து ஊசியை விட்டு இழுங்க. இழுக்கிற திசைதான் இதுல ரகசியம். மேல்நோக்கி இழுத்தா அந்தச் சங்கிலி முடிச்சு பேடோட மேல்பக்கத்துல வந்து உக்காந்துக்கும், மணிக்கட்டுல உரசும், மவுஸும் தட்டும். கீழ்நோக்கி, மேஜைப் பக்கமா இழுங்க, முடிச்சு விளிம்போட கீழ்ப்பாதியில போய் உக்காரும், மேல தடவிப் பார்த்தா மேடு கம்மியாத்தான் தெரியும். ரப்பர் லேசா அமுங்குற வரைக்கும் இழுத்தா போதும், இன்னும் இறுக்கினா ஓரம் அலை அலையா சுருங்கும். மூலையில வர்றப்ப குத்தை நெருக்கமா போடுங்க. எனக்கு மொத பேடுக்கு மூணு மணி நேரம் ஆச்சு, ரெண்டாவதுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. பாட்டு கேட்டுக்கிட்டே செய்யலாம், நல்லாத்தான் இருக்கும்.

90 க்கு 40 செ.மீ. பெரிய பேடா? சுத்தளவு 260 செ.மீ., 650 தையல், கையால வேண்டாம். ஓவர்லாக் மெஷின், அதாவது துணி ஓரம் பிரியாம சுத்தித் தைக்கிற மெஷின், இருக்கிற டெய்லர்கிட்ட கொண்டு போங்க. எங்க தெரு டெய்லர் அண்ணன் மொதல்ல யோசிச்சாரு, "தம்பி, ரப்பரு மெஷின்ல ஒட்டிக்கிட்டு நகராதே"ன்னாரு. "அடியில ஓரமா கொஞ்சம் முகப்பவுடர் தடவித் தர்றேன்ண்ணே"ன்னேன், தடவினதும் சரசரன்னு ஓடிடுச்சு. 3 மி.மீ. வரைக்கும் பிரச்சனை இல்ல, அதுக்கு மேல தடிமனா இருந்தா மெஷின் வாய்க்குள்ள போகாது, கேட்டுட்டு கொடுங்க. வெட்டிட்டுக் கொடுக்கணும், பசை போடாம கொடுக்கணும், ஊசியில பசை ஏறினா அவருக்குத்தான் கஷ்டம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பவுடரை ஈரத்துணியால நல்லா துடைச்சுடுங்க, இல்லைன்னா பேடு மேஜையில சறுக்கும்.

நடுத்துணி நிஜமாவே போயிட்டா

கழுவியும் திருப்பியும் கோடு நடுங்குது, துணியில ரப்பரே கண்ணுக்குத் தெரியுதுன்னா மேல புதுத் துணி போத்தலாம். விளையாட்டு ஜெர்சி தைக்கிற நெருக்கமான பாலியெஸ்டர் துணி நல்லா செட் ஆகும், டெய்லர் கடையில வெட்டு பீஸ் கிடைக்கும். காட்டன் வேர்வையை உறிஞ்சிக்கும், ஜீன்ஸ் துணி சொரசொரன்னு மவுஸ் பட்டையைத் தேய்ச்சுடும், சாட்டின் மாதிரி பளபளப்புல சென்சார் தடுமாறும். வாங்குறதுக்கு முன்னாடி சின்ன துண்டு கொண்டு வந்து மவுஸை ஓட்டிப் பார்த்துடுங்க.

பழைய துணியைப் பிச்சு எடுக்க வேண்டாம், அது மேலயே போடுங்க, அந்தச் சொரசொரப்பு புதுத் துணியை நகர விடாம பிடிச்சுக்கும். நாலு பக்கமும் 3 செ.மீ. அதிகமா வெட்டி, எதிரெதிர் பக்கமா இழுத்து அடியில மடிச்சு, அடியில மட்டும் ரப்பர் பசை போட்டு ஒட்டுங்க. மூலையைக் குறுக்கா வெட்டினா மடிப்பு தடிக்காது. கட்டில் பலகைக்கு ரெக்ஸின் அடிக்கிற மாதிரி மேல ஒரே இழுவிசையில நிக்கணும், ஆனா பேடே வளையுற அளவுக்கு இழுக்கக் கூடாது. மடிப்பு அடியில வர்றதால நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்தோட அளவுக்கே ஆன்டி ஸ்லிப் மேட் வெட்டி வச்சுட்டா சமமாயிடும்.

மணிக்கட்டு வைக்க ஜெல் மேடு இருக்கிற பேடுல ஜெல் கசிய ஆரம்பிச்சா அதை ஒட்ட முயற்சி பண்ணாதீங்க, எந்தப் பசையும் அதுல நிக்காது. ஜெல் பகுதியை வெட்டி எடுத்துட்டு மிச்ச பேடுக்கு ஓரம் கட்டிக்கங்க.

பசை போட்ட பேடை ஒரு நாள் முழுக்க விட்டுட்டு அப்புறம் யூஸ் பண்ணுங்க. மொத வாரம் மணிக்கட்டு படுற பக்கத்துத் தையலை மட்டும் தினமும் ஒரு தடவை விரலால தடவிப் பாருங்க, ஒரு நூல் தளர்ந்திருந்தா அன்னைக்கே ஊசியை எடுத்து ரெண்டு குத்து போட்டுடுங்க, விட்டா அந்த வரிசை பூரா உருவிக்கிட்டு வந்துடும்.